புதிய கணினிகளுக்குப் பயனர் கோப்புகளையும் அமைப்புகளையும் மாற்றுவதில் சிக்கல்: 34 கணினிகள், உதவி தேவை

சந்தேகம்

வணக்கம். கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. எங்களிடம் உள்ள 34 கணினிகளும் விண்டோஸ் 10-இல் இயங்குபவை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததால் அவற்றை விண்டோஸ் 11-க்கு உயர்த்த இயலவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால் புதிய கணினிகளை வாங்கியிருக்கிறோம். எல்லாக் கணக்குகளையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் சர்வர் கிடையாது. ஒவ்வொரு கணினியிலும் தனித்தனி லோக்கல் கணக்குகளே உள்ளன.

சோதனையாக இரண்டு கணினிகளை மாற்றிப் பார்த்தேன். முதல் கணினியில், பழைய பயனர் கோப்புறையை அப்படியே நகலெடுத்து, அட்மின் கணக்கிலிருந்து புதிய கணினியின் அதே பெயருள்ள கோப்புறையின் மேல் ஒட்டினேன். அதன்பின் அந்தப் பயனர் உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் தற்காலிக ப்ரொஃபைலில் (அவருடைய கோப்புகளும் அமைப்புகளும் இல்லாத வெற்றுச் சூழலில்) நுழைந்திருப்பதாகச் செய்தி வருகிறது. இரண்டாவது கணினியில், பயனரின் கணக்கிலேயே நுழைந்து, பயன்பாட்டில் உள்ள கோப்புகளை விட்டுவிட்டு ஒட்டினேன். உள்ளே நுழைய முடிகிறது. ஆனால் குரோமில் புக்மார்க்குகள் வந்தும் சேமித்த கடவுச்சொற்கள் வரவில்லை. அவுட்லுக்கில் பழைய அஞ்சல்கள் காணப்படவில்லை. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ்க் கடிதங்கள் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகத் தெரிகின்றன. நகலெடுக்கும்போதும் அப்ளிகேஷன் டேட்டா என்ற கோப்புறைக்குள் அதே கோப்புறை மீண்டும் மீண்டும் தோன்றி வேலை முடியாமல் நீண்டது. மீதமுள்ள 32 கணினிகளைத் தொடுவதற்கு முன் சரியான முறையை அறிய விரும்புகிறேன்.

பதில் 1

ஐயா, இரண்டு கணினிகளிலும் நேர்ந்தவை வேறுவேறாகத் தெரிந்தாலும் பெரும்பகுதிக்கு வேர் ஒன்றுதான். கணக்கின் பெயர் ஒன்றாக இருந்தாலும், விண்டோஸ் அந்தக் கணக்கை அடையாளம் காண்பது எஸ்ஐடி என்ற நீண்ட எண்ணைக் கொண்டுதான்; புதிய கணினியில் உருவாக்கிய கணக்கின் எஸ்ஐடி வேறு. பயனர் கோப்புறையில் மறைந்திருக்கும் என்டியூசர் டாட் டேட் என்ற கோப்புதான் அவருடைய ரெஜிஸ்ட்ரி, அதாவது அமைப்புகளின் பதிவேடு. அதன் அனுமதிகள் பழைய எஸ்ஐடிக்கு எழுதப்பட்டவை என்பதால், அதைப் புதிய கணக்கின் மேல் ஒட்டியதும் விண்டோஸ் அதைத் திறக்க இயலாமல் தற்காலிக ப்ரொஃபைலுக்குப் போய்விடுகிறது. குரோமின் கடவுச்சொற்களைப் பூட்டியிருக்கும் சாவியும் டிபிஏபிஐ என்ற விண்டோஸ் குறியாக்க ஏற்பாட்டின் வழியாகப் பழைய கணக்கோடும் அதன் கடவுச்சொல்லோடும் கட்டப்பட்டது; கோப்பு வந்து சேர்ந்தாலும் பூட்டு திறக்காது. பழைய கணினி இன்னும் கையில் இருப்பதால், அந்தப் பயனரையே அதில் நுழையச் செய்து, குரோமின் ஒத்திசைவு வழியாகவோ ஏற்றுமதிக் கோப்பாகவோ கடவுச்சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதிக் கோப்பில் எல்லாக் கடவுச்சொற்களும் வெளிப்படையாக இருக்கும். இறக்குமதி முடிந்த உடனே அதை அழித்துவிட வேண்டும்.

34 கணினிகளுக்குக் கையால் நகலெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் ஏடிகே தொகுப்பில் யுஎஸ்எம்டி என்ற கருவி இலவசமாகக் கிடைக்கிறது. பழைய கணினியில் அட்மின் உரிமையுடன் அதிலுள்ள ஸ்கேன்ஸ்டேட்டை இயக்கினால் கோப்புகளையும் அமைப்புகளையும் ஒரே சேமிப்பாகத் திரட்டும். புதிய கணினியில் லோட்ஸ்டேட் அவற்றை உரிய கணக்கில், உரிய அனுமதிகளுடன் இறக்கும். லோக்கல் கணக்குகளை முன்கூட்டியே உருவாக்க வேண்டியதில்லை. எல்ஏசி, எல்ஏஈ என்ற இரண்டு தேர்வுகளையும் சேர்த்தால் லோட்ஸ்டேட்டே கணக்கை உருவாக்கி இயக்கிவிடும். எதை எடுக்க வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் விதிக் கோப்புகளில் மிக்ஆப், மிக்டாக்ஸ் இரண்டும் போதும். மிக்டாக்ஸையும் மிக்யூசர் என்ற மற்றொரு விதிக் கோப்பையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். பணியை விட்டுச் சென்றவர்களின் கணக்குகள் தேவையில்லை என்றால், யூஈஎல் தேர்வுக்கு 90 என்று கொடுத்துக் கடந்த 90 நாட்களில் நுழையாத கணக்குகளை விலக்கலாம். ஆனால் நீண்ட விடுப்பில் இருப்பவர்கள் அதில் அடிபட்டுப் போகாதபடி பெயர்ப் பட்டியலை முதலில் பாருங்கள். வாடிக்கையாளர்களின் கணக்கு விவரங்கள் அடங்கிய சேமிப்பு என்பதால் என்கிரிப்ட் தேர்வு இல்லாமல் வெளி டிஸ்கில் வைக்காதீர்கள்.

இந்தக் கருவி மென்பொருள்களைக் கொண்டுவராது, அவற்றின் அமைப்புகளை மட்டுமே கொண்டுவரும். ஆகவே ஆஃபிஸ் முதலிய மென்பொருள்களைப் புதிய கணினியில் நிறுவிய பிறகே லோட்ஸ்டேட்டை இயக்க வேண்டும். கணினியோடு நேரடியாக இணைந்த பிரிண்டர்களும் கடவுச்சொற்களும் இதில் வாரா.

பதில் 2

அவுட்லுக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அஞ்சல் கணக்கு எந்த வகை என்பதை முதலில் பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் கணக்காக இருந்தால் ஓஎஸ்டி கோப்பை (சர்வரில் உள்ள அஞ்சல்களின் நகலை) நகலெடுப்பதே வீண் வேலை. புதிய கணினியில் அது சர்வரிலிருந்து தானாக உருவாகும். அஞ்சல்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் கணக்காக இருந்தால் பழைய அஞ்சல்கள் பிஎஸ்டி என்ற அவுட்லுக் தரவுக் கோப்பில் மட்டுமே இருக்க வாய்ப்புண்டு. அவுட்லுக் திறந்திருந்தபோது நகலெடுத்திருந்தால் அந்தக் கோப்பு விடுபட்டிருக்கும். பழைய கணினியில் கணக்கு அமைப்புகளுக்குள் தரவுக் கோப்புகள் என்ற பகுதியில் பிஎஸ்டி எங்கே உள்ளது என்று பார்த்து, அவுட்லுக்கை மூடிவிட்டு எடுத்துவாருங்கள். டி டிரைவில் வைத்திருப்பவர்கள் பலர்.

பதில் 3

முடிவில்லாமல் நீண்ட அந்தக் கோப்புறை உண்மையான கோப்புறையே அன்று. பழைய மென்பொருள்களுக்காக விண்டோஸ் வைத்திருக்கும் ஜங்ஷன் என்ற இணைப்பு. தனியாக ஏதேனும் கோப்புறையை ரோபோகாப்பி என்ற விண்டோஸ் நகலெடுப்புக் கட்டளை மூலம் எடுக்க நேர்ந்தால் எக்ஸ்ஜே தேர்வைச் சேர்த்து அதைத் தவிர்க்கலாம். மறுமுயற்சி எண்ணிக்கையையும் காத்திருக்கும் நேரத்தையும் நீங்களே குறைத்துக் கொடுங்கள். கொடுக்காவிட்டால், திறக்க முடியாத ஒரு கோப்புக்காக அது 30 வினாடிக்கு ஒருமுறை 10 லட்சம் தடவை முயலும்.

தமிழ்க் கடிதங்களைப் பொறுத்தவரை, பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள், பொது எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்கு முந்தைய முறையில் அமைந்தவை. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் உள்ள ஆங்கில எழுத்துகளே தெரியும். கடிதம் பழுதாகவில்லை, அஞ்ச வேண்டாம். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல், எழுத்துருவை இருமுறை சொடுக்கி நிறுவினால் அது அந்த ஒரு பயனரின் கணக்குக்குள் மட்டுமே நிறுவப்படும். எழுத்துருக் கோப்பு உங்கள் நகலில் வந்திருக்கலாம். அதைப் பதிவு செய்திருக்கும் ரெஜிஸ்ட்ரி வரி வந்திருக்காது. எழுத்துருக் கோப்பை வலச்சொடுக்கி, எல்லாப் பயனர்களுக்கும் நிறுவுக என்பதைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடைத் தர நியமமாக ஏற்றுவிட்டது. அலுவலகக் கடிதங்கள் பழைய எழுத்துருவிலேயே தொடர்வது எனக்கு வருத்தமளிக்கிறது. இந்த மாற்றத்தின்போதே புதிய கடிதங்களையாவது யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பாமினியை எல்லோருக்குமாக நிறுவியதும் கடிதங்கள் சரியாகிவிட்டன. பிஎஸ்டி கோப்பு டி டிரைவில்தான் இருந்தது. ஆனால் ஒரு தவறு செய்துவிட்டேன். விடுப்பில் உள்ள ஓர் ஊழியரின் பழைய கணினியில் நுழைவதற்காக, அட்மின் கணக்கிலிருந்து அவருடைய கடவுச்சொல்லை மாற்றினேன். இப்போது அந்தக் கணினியிலேயே குரோமின் கடவுச்சொற்கள் திறக்கவில்லை. மேலும், டேலி கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகியவற்றுக்கு என்ன செய்வது? பழைய கணினிகளை இந்த வாரமே விற்றுவிட நிர்வாகம் விரும்புகிறது.

பதில் 1

லோக்கல் கணக்கின் கடவுச்சொல்லை வெளியிலிருந்து மாற்றியமைத்தால் நான் முன்பு சொன்ன டிபிஏபிஐ சாவி திறக்காது. அந்த ஊழியர் திரும்பி வந்ததும், கடவுச்சொல்லைப் பழைய கடவுச்சொல்லாகவே மீண்டும் அமைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் எல்லாம் திரும்பக் கிடைக்கும். அதுவரை அந்தக் கணினியை அப்படியே வைத்திருங்கள். மற்றவர்களுக்கு, அவர்கள் இருக்கையில் இருக்கும் நாளிலேயே மாற்றத்தைச் செய்யுங்கள். இயக்க வேண்டியவர் நீங்கள்தான். கடவுச்சொல்லை இட வேண்டியவர் அவர்.

டேலியின் தரவு பல நேரங்களில் பப்ளிக் கோப்புறைக்குள்ளோ வேறொரு டிரைவிலோ இருக்கும். மென்பொருளுக்குள் காட்டும் பாதையைப் பார்த்துத் தனியாக எடுங்கள். அதன் உரிமத்தைப் பழைய கணினியில் சரண்டர் செய்து விடுவித்த பிறகே புதியதில் செயல்படுத்துங்கள். கையொப்பத்தின் சாவி டோக்கனுக்குள்ளேயே இருப்பதால், அதன் டிரைவரைப் புதிய கணினியில் நிறுவினால் போதும். ஒரு சோதனைக் கோப்பில் கையொப்பமிட்டுப் பாருங்கள்.

இந்த வாரம் விற்பதற்கு மட்டும் தயவுசெய்து இணங்காதீர்கள். உங்கள் அலுவலகத்தில் சில வேலைகள் காலாண்டுக்கு ஒருமுறைதான் வரும். டிடிஎஸ் (மூலத்தில் பிடித்த வரி) படிவத்தைத் தாக்கல் செய்ய உட்காரும் நாளில்தான் எந்தக் கோப்பு வரவில்லை என்பது தெரியவரும். அடுத்த காலாண்டுத் தாக்கல் முடியும்வரை ஹார்டு டிஸ்குகளையாவது கழற்றி, பயனரின் பெயரை ஒட்டிப் பூட்டி வையுங்கள். பிட்லாக்கர் என்ற டிஸ்க் குறியாக்கம் இயக்கத்தில் இருந்தால் கழற்றுவதற்கு முன்பே மீட்புச் சாவிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் வேறு கணினிக்குப் போனதும் அது அந்தச் சாவியைத்தான் கேட்கும்.

கேட்டவர்

நேற்று மூன்று கணினிகளை யுஎஸ்எம்டி மூலம் மாற்றினேன். மூன்றிலும் பயனர்கள் சிக்கலின்றி நுழைகிறார்கள். ஒரு கணினியில் மட்டும், குறியாக்கம் செய்த கோப்பு ஒன்று இருப்பதாகச் சொல்லி ஸ்கேன்ஸ்டேட் நின்றுவிட்டது. குறியாக்கம் செய்த கோப்புகளுக்கான ஈஎஃப்எஸ் தேர்வில் காப்பிரா என்று கொடுத்ததும் முடிந்தது. ஹார்டு டிஸ்குகளை வைத்துக்கொள்ள நிர்வாகம் ஒப்புக்கொண்டது. கணினிகள் டிஸ்க் இல்லாமல் விற்கப்படும். ஒரு நாளைக்கு நான்கு கணினிகள் வீதம், அந்தந்தப் பயனர் அருகில் இருக்க, மீதியையும் மாற்றவிருக்கிறேன்.