கன்னத்தில் வலி என்றால் உடனே பல்லைப் பிடுங்குவதா? யாருக்குப் பயிற்சி தேவை?

காசிமேட்டுக்காரன்:
அம்மாவுக்கு 58 வயது, காசிமேட்டில் மீன் விற்கிறார். மூன்று வருடம் முன்பு வலது கன்னத்தில் ஒரு வலி வந்தது. விடியற்காலை ஏலத்துக்குப் போகும்போது கடல்காற்று முகத்தில் பட்டால் போதும், கரண்ட் அடித்தது போல் சுரீர் என்று இழுக்கும். கூடையைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் தொடக்கூட பயந்து அப்படியே நிற்பார். சில நொடிகளில் போய்விடும். பல் தேய்த்தால் மறுபடி வரும். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். வலி போகவில்லை. அடுத்த பல்லையும் எடுத்தார்கள். மூன்றாவது பல்லுக்கு ரூட் கேனால். எட்டு மாதம் கழித்துப் பார்த்த நரம்பு டாக்டர் கேட்டது இரண்டே கேள்விதான்: எது பட்டால் வலிக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது? பதிலைக் கேட்டதும் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, முகத்து நரம்பு வலி என்றார். எம்ஆர்ஐ எடுத்து வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்தார். இரண்டு வருடமாக அவர் எழுதிய மாத்திரையைத்தான் அம்மா சாப்பிடுகிறார்.

அந்த இரண்டு கேள்வியை முதலில் பார்த்தவரே கேட்டிருந்தால் என் அம்மாவுக்கு இரண்டு பல் மிஞ்சியிருக்கும். இங்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை பல் டாக்டர்களுக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவர்களுக்கும் முகவலியைக் கண்டுபிடிக்க, வைத்தியம் பார்க்க, கட்டாயப் பயிற்சி தரவேண்டும் என்கிறேன்.

ஓபி டாக்டர்:
அம்மா பட்ட கஷ்டம் புரிகிறது தம்பி. ஆனால் உங்கள் முடிவை ஏற்க முடியவில்லை. இந்த நோய் வருடத்துக்கு லட்சத்தில் 4 முதல் 13 பேருக்குப் புதிதாக வருவது. என் ஓபியில் காலையில் உட்கார்ந்தால் சர்க்கரை, பிரஷர், காய்ச்சல், மூச்சிரைப்பு என்று வரிசை வாசல் வரை நிற்கும். அரிதான ஒரு நோய்க்கு எல்லாரையும் பயிற்சிக்கு அனுப்பினால் அன்றைக்கு ஓபியை யார் பார்ப்பது?

அதைவிட எனக்குப் பெரிய பயம் மருந்து. இதற்கு முதல் மருந்து கார்பமாசெபைன், வலிப்புக்குத் தருவது. தலைசுற்றும், ரத்தத்தில் சோடியம் இறங்கும். ஆசியர்களில் எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ள சிலருக்குத் தோல் வெந்தது போல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அரைகுறைப் பயிற்சியோடு இதை எழுதுவதற்கு, சந்தேகம் வந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது மேல்.

தண்டையார்பேட்டை பல் டாக்டர்:
சந்தேகம் வந்தால்தானே டாக்டர் அனுப்புவார்கள்? அந்தச் சந்தேகம்தான் வரவில்லை. நான் தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் நானே அப்படி ஒரு பல்லை எடுத்திருக்கிறேன். இன்றும் அந்த அம்மா முகம் ஞாபகம் இருக்கிறது.

எப்படி ஏமாறுகிறோம் என்று சொல்கிறேன். பல், ஈறு, தாடை, கன்னம் எல்லாவற்றுக்கும் உணர்ச்சியைக் கொண்டுபோவது ட்ரைஜெமினல் என்ற 5-ஆவது மூளை நரம்பு. அதனால் நரம்பில் கிளம்பும் வலியும் பல்லிலேயே இருப்பது போல் தெரியும். நோயாளி இந்தப் பல்தான் என்று விரல் வைத்துக் காட்டுவார். நாம் மரத்துப்போகும் ஊசி போடுவோம், வலி நின்றுவிடும். ஆகா, பல்தான் என்று முடிவு கட்டுவோம். அங்கேதான் தப்பு. வலியைக் கிளப்பும் இடத்தை மரத்துப்போக வைத்தால் நரம்பு வலியும் கொஞ்ச நேரம் அடங்கும். இதை எங்களுக்குக் கல்லூரியில் பக்கம் பக்கமாகச் சொன்னார்கள். அந்த வலியோடு ஒரு ஆளை எதிரில் உட்காரவைத்துக் காட்டியவர் யாரும் இல்லை.

பல் வலி என்றால் சில்லென்று பட்டபின் நீண்ட நேரம் நிற்கும், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும், எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஏதாவது தெரியும். நரம்பு வலி நொடியில் வந்து, அதிகம் போனால் 2 நிமிடத்தில் போய்விடும். லேசாகத் தொட்டாலே கிளம்பும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் பல் பிடுங்கும் குறட்டைக் கீழே வைக்கவேண்டும்.

வியாசர்பாடி வாசகி:
என் கதை தலைகீழ். காதுக்கு முன்னால் மந்தமான வலி, வாயைத் திறந்தால் சொடக்கு சத்தம். நாள் முழுக்க இருக்கும். யாரோ முகத்து நரம்பு வலி என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். நான்கு மாதம் கார்பமாசெபைன். மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவேன். கடைசியில் பார்த்தால் தாடை மூட்டும் தசையும்தான் பிரச்சினை. தூக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெந்நீர் ஒத்தடம், மெத்தென்ற சாப்பாடு, தாடைப் பயிற்சி, அவ்வளவுதான் வைத்தியம். புதிதாக ஒரு பெயர் கற்றுக்கொண்டவருக்கு எல்லாம் அதுவாகவே தெரியும் போல. அதனால் நான் ஓபி டாக்டர் பக்கம்.

காசிமேட்டுக்காரன்:
அக்கா, உங்களுக்கு நடந்ததும் பயிற்சி இல்லாததால்தானே? நான் கேட்பது ஒரு நோயின் பெயரைச் சொல்லித்தரும் பயிற்சி இல்லை. முகவலி என்று வந்தால் எத்தனை விதம் என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சி. லட்சத்தில் 4 முதல் 13 பேர் என்று டாக்டர் சொன்னது இந்த ஒரு நோய்க்குத்தான். தாடை மூட்டு வலி அப்படி அரிதா?

ஓபி டாக்டர்:
அரிது இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயிற்சி என்று இங்கே நடப்பது என்ன? ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹால், இரண்டு மணி நேரம் படம் போட்டுப் பேச்சு, பிரியாணி, சான்றிதழ். அதை வாங்கிவந்தவர் திங்கட்கிழமை மாத்திரை எழுதுவார்.

தண்டையார்பேட்டை பல் டாக்டர்:
அந்த மாதிரிப் பயிற்சி எனக்கும் வேண்டாம். அமெரிக்காவில் 2020-இல் வாய்-முக வலியைப் பல் மருத்துவத்தில் தனிச் சிறப்புப் பிரிவாகவே ஏற்றார்கள். இங்கே அந்த வேலை வாய் மருத்துவப் பிரிவிடம் இருக்கிறது. அந்த ஓபியில் நாங்கள் மாதம் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவரை நாங்களே விசாரித்து, தப்பாகச் சொன்னால் அங்கேயே திருத்தவேண்டும். மாத்திரை பிறகு இருக்கட்டும்.

ஆஸ்பத்திரி நர்ஸ்:
டாக்டரைப் பார்க்கும் முன் எங்களிடம்தான் முதலில் சொல்வார்கள். எங்களையும் சேருங்கள். 50 வயதுக்கு மேல், நெற்றிப்பொட்டில் புதுத் தலைவலி, மென்றால் தாடை அசந்துபோகிறது என்றால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், விட்டால் கண் பார்வையே போகும், அன்றே ஸ்டீராய்டு தேவைப்படலாம். நடந்தால் தாடை வலித்து, நின்றால் விடுகிறதா? இதயத்தைப் பார்க்கவேண்டும். கன்னமோ மோவாயோ மரத்துப்போயிருந்தால் கட்டி இருக்கிறதா என்று தேடவேண்டும். ஒரு டாக்டர் பொறுமையாக எனக்குச் சொல்லித்தந்தது இது. ஓபி சீட்டில் ஒரு வரி எழுத அரை நிமிடம்தான் ஆகிறது.

ஓபி டாக்டர்:
சிஸ்டர் சொன்னதற்கு மறுப்பு இல்லை. கண்டுபிடித்து அனுப்பும் பயிற்சி என்றால் நானே வருகிறேன். வைத்தியத்தைத் தொடங்குவது நரம்பு டாக்டர் கையில் இருக்கட்டும். அதில் மாறமாட்டேன்.

காசிமேட்டுக்காரன்:
அங்கே தேதி கிடைக்கும் வரை வலியோடு இருப்பவர் என்ன செய்வது டாக்டர்? அம்மா அந்த நாட்களில் கஞ்சியைக்கூட ஸ்ட்ரா வைத்துத்தான் குடித்தார். முதல் மாத்திரையை இங்கேயே, ரத்தப் பரிசோதனையோடு தொடங்க உங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லித்தந்தால் என்ன குறைந்துவிடும்?

ஓபி டாக்டர்:
ரத்தப் பரிசோதனையோடு என்று நீங்கள் சொன்னதால் கேட்கிறேன். அம்மா இரண்டு வருடமாகக் கார்பமாசெபைன் சாப்பிடுகிறாரே, கடைசியாக சோடியம் எப்போது பார்த்தீர்கள்? அசதி, குழப்பம் ஏதாவது இருக்கிறதா?

காசிமேட்டுக்காரன்:
ஒருமுறைகூடப் பார்த்ததில்லை டாக்டர். மாத்திரை தீர்ந்தால் அதே சீட்டைக் காட்டி வாங்கிவிடுவோம். கொஞ்ச நாளாகக் கணக்கு தப்புகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், வயது என்று நினைத்தேன். நாளைக் காலை ஏலம் முடிந்ததும் அழைத்துப்போகிறேன்.

ஓபி டாக்டர்:
ஏலம் முடியும் வரை காத்திருக்கவேண்டாம். இன்றைக்கே போங்கள். மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், சீட்டைக் கையோடு எடுத்துப்போங்கள்.