களியக்காவிளை டைப்பிங் கடையில் லினக்ஸ் மின்ட்: என் அனுபவம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. கடையில் இருப்பதோ பழைய மெஷின், நாலு ஜிபி ராம். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 (ஒரு பாதுகாப்பு வசதி) வேண்டும், புது ப்ராசசர் வேண்டும் என்கிறது. ஜெராக்ஸும் டைப்பிங்கும் கல்யாணப் பத்திரிகையும் பார்க்கிற கடைக்கு அதற்காகப் புதுசு வாங்க எனக்கு மனசில்லை.

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்றாலும், லினக்ஸ் என்றாலே இங்கே பலருக்குப் பயம். எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் அரசுப் பள்ளியில் படிக்கிற மச்சினன் மகனுக்கோ அது புதுசே இல்லை, கேரளத்துப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடமே உபுண்டு என்கிற லினக்ஸை வைத்து உருவாக்கிய சிஸ்டத்தில்தான் நடக்கிறது. "இதுல என்ன மாமா இருக்கு" என்று பென்டிரைவில் மின்ட் என்கிற லினக்ஸில் பழைய மெஷினுக்கும் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றிக் கொண்டு வந்துவிட்டான். இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், ஹார்டு டிஸ்கைத் தொடாது. வைஃபை, பிரின்டர், ஸ்கேனர் எல்லாம் அப்படிப் பார்த்த பிறகுதான் ஏற்றினோம். பிரவுசர், பிடிஎஃப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஓடுகிறது.

இழுத்தடித்தது தமிழ்தான். வருஷக்கணக்கில் சேர்ந்த ஃபைல்கள் எல்லாம் பாமினி என்கிற பழைய தமிழ் ஃபாண்டில் இருக்கின்றன. எம்எஸ் ஆபீஸுக்குப் பதிலான லிப்ரே ஆபீஸில் திறந்தால் 'தமிழ்' இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன்! இதைப் பார்த்து லினக்ஸில் தமிழ் வராது என்று திரும்பிப் போனவர்களை எனக்கே தெரியும். லினக்ஸ் மேல் தப்பில்லை, பாமினி அடியில் சேமிப்பதே ஆங்கில எழுத்துகளைத்தான், மேலே ஃபாண்ட் தமிழ் வேஷம் போடுகிறது, அவ்வளவுதான். ஹோம் ஃபோல்டருக்குள் .ஃபாண்ட்ஸ் என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்து (முன்னால் புள்ளி முக்கியம்) ஒரு ஃபோல்டர் போட்டு, பழைய ஃபாண்ட் ஃபைல்களை அதில் காப்பி செய்தேன். எல்லாம் பழையபடி தெரிந்தது. அடிக்கடி எடுக்கிற பத்திர மாதிரிகளை மட்டும் கன்வெர்ட்டரில் போட்டு, தமிழைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கிற யூனிகோடாக மாற்றிக்கொண்டேன். இப்போது பெயர் சொல்லித் தேடினால் கிடைக்கிறது.

டைப்பிங்குக்கு ஒரு விஷயம். கீபோர்டு லேஅவுட் பட்டியலிலேயே தமிழ்நெட் 99 (தமிழ்99 விசைப்பலகை) இருக்கிறது, ஆனால் அதில் 'அம்மா' அடிக்கும்போது முதல் 'ம'வுக்குத் தானாகப் புள்ளி விழாது. தமிழ்99 பழகிய கைக்கு அது பெரிய எரிச்சல். ஐபஸ் என்கிற டைப்பிங் மென்பொருளைப் போட்டு அதனோடு எம்17என் பொதியையும் சேர்த்தால் புள்ளி தானே விழும். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு நேரம் மிச்சமாகியிருக்கும்.

பேஜ்மேக்கர் என்கிற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த கல்யாணப் பத்திரிகைகள்தான் இன்னும் தீரவில்லை. லிப்ரே ஆபீஸ் டிராவில் திறக்கும், ஆனால் வடிவம் கலைந்துபோகிறது. அதற்காகப் பழைய விண்டோஸை ஒரு பார்ட்டிஷனில் அப்படியே விட்டிருக்கிறேன், ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று கேட்கும். ஆதரவு முடிந்ததால் நெட் மட்டும் அதில் கொடுப்பதில்லை. பத்திரிகை வேலை செய்கிற யாராவது லினக்ஸிலும் ஓடும் ஸ்க்ரைபஸ் என்கிற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு முழுசாக மாறியிருந்தால் சொல்லுங்கள், முகூர்த்த சீசனுக்கு முன்னால் நானும் முயற்சி செய்து பார்க்கிறேன்.