நிலைமின்காட்டியின் இதழ் விரிந்த உடனே விழுந்துவிடுகிறது. எங்கே தவறு?

கேள்வி – உப்புக்காற்று

எட்டாம் வகுப்புக்கு உராய்வு மின்னூட்டம் செய்து காட்ட வேண்டும். அதற்கு ஒரு நிலைமின்காட்டி (மின்னூட்டம் வந்தால் இதழ் விரித்துக் காட்டும் கருவி) செய்தேன். ஜாம் பாட்டிலின் தகர மூடியில் ஓட்டை போட்டு, அதில் தக்கை, தக்கை வழியே செம்புக் கம்பி, கீழே சமையலறை அலுமினியத் தாளில் வெட்டிய இரண்டு இதழ்கள். 25 மி.மீ. பிவிசி குழாயைப் பருத்தித் துண்டால் ஒரு நிமிடம் தேய்த்துக் கம்பி நுனியில் தொட்டால், இதழ்கள் கொஞ்சம் விரிந்து இரண்டே நொடியில் விழுகின்றன. ஊர் கடலூர், ஈரப்பதமானி 84% காட்டுகிறது. குழாயில் மின்னூட்டமே வரவில்லையா, வந்து ஓடிவிடுகிறதா?

பதில் – ஓம்விதி

விரிந்துவிட்டு விழுகிறது என்றால் வந்து ஓடுகிறது. ஓடும் வழி உங்கள் தக்கை.

ஒரு சின்னக் கணக்கு: இந்த அளவு மின்காட்டியின் மின்தேக்குத்திறன் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன்) சுமார் 10 பிக்கோஃபாரட். விரிந்த இதழ் ஒரு நிமிடமாவது தாங்க வேண்டுமானால் கம்பிக்கும் மூடிக்கும் நடுவே 6 லட்சம் கோடி ஓம் மின்தடை வேண்டும். தக்கை, மரம், அட்டை எல்லாம் மழைக்காலத்தில் ஈரம் குடித்து அதில் ஒரு சிறு பங்குதான் தரும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து "ஒன்றும் காட்டவில்லை, கசிவு இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். சாதாரண மீட்டர் 20 மெகாஓம் வரைதான் அளக்கும்.

தகர மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் மூடி போடுங்கள். நடுவில் 2 செ.மீ. அகல ஓட்டை, கம்பியை நிறுத்தி, உருக்கிய மெழுகுவத்தி மெழுகை 2 செ.மீ. கனத்துக்கு ஊற்றுங்கள். மெழுகு ஈரம் உறிஞ்சாது. ஆறிய பின் அதை விரலால் தொடக் கூடாது, வியர்வை உப்பு ஒரு கோடாகப் படிந்தாலே போதும், கசியும். பாட்டிலுக்குள் ஈரத்தை உறிஞ்ச 20 கிராம் சிலிக்கா ஜெல். கம்பியின் மேல்நுனி கூர்மையாக இருந்தால் அங்கிருந்தும் காற்றில் கசியும், அலுமினியத் தாளை உருட்டி ஒரு கோலிக்குண்டு அளவு உருண்டையாக அதில் செருகுங்கள்.

பதில் – கம்பளிப்பூச்சி

தேய்ப்பதிலும் ஒரு விஷயம். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைக்கும். கம்பளி எடுங்கள், அதையும் குழாயையும் தலைமுடி உலர்த்தியால் இரண்டு நிமிடம் சூடாக்குங்கள். குழாயை முதலில் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்திருக்க வேண்டும்.

குழாயை உருண்டையில் ஒரு புள்ளியில் தொட்டு எடுப்பதுதான் எல்லோரும் செய்வது. பிவிசி மின்கடத்தாப் பொருள், தொட்ட இடத்து மின்னூட்டம் மட்டுமே இறங்கும், மற்றது குழாயிலேயே இருக்கும். குழாயைச் சுழற்றிக்கொண்டே அதன் நீளம் முழுவதையும் உருண்டைமேல் உரசி இழுங்கள்.

பதில் – சூடான தேநீர்

அழுத்தித் தேய்த்தால் வெப்பம் அதிகமாகும், அதில்தான் எலக்ட்ரான் கழன்று வரும். பலமாகத் தேய்த்தாலே போதுமே?

பதில் – ஓம்விதி

இல்லை. வெப்பம் காரணமே அல்ல. இரண்டு வேறு பொருள்கள் தொட்டுப் பிரிந்தாலே மின்னூட்டம் இடம் மாறும். மேற்பரப்புகள் கரடுமுரடானவை, சும்மா வைத்தால் சில முனைகள் மட்டுமே தொடும், தேய்த்தால் தொடும் பரப்பு பெருகும், அவ்வளவுதான். (பிளாஸ்டிக் போன்றவற்றில் இடம் மாறுவது எலக்ட்ரானா, அயனியா (மின்னூட்டம் கொண்ட அணு அல்லது மூலக்கூறு), பொருளின் துணுக்கே ஒட்டிப் போகிறதா என்பதில் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை.)

தேய்க்காமலே காட்டலாம். 15 செ.மீ. செலோடேப் ஒன்றை மேசையில் ஒட்டி, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மூன்றாவது. மேல் இரண்டையும் சேர்த்து மெதுவாக உரித்து, விரலால் நீவி, பிறகு இரண்டையும் வெடுக்கென்று பிரியுங்கள். ஒன்றையொன்று இழுக்கும். இதேபோல் இன்னொரு ஜோடி செய்தால் மேல்டேப்பும் மேல்டேப்பும் விலக்கும். கம்பளியில் தேய்த்த பிவிசி எதிர்மின்னூட்டம் கொண்டது, அதைக் கண்டு விலகும் டேப்பும் எதிர்மின்னூட்டம்தான். இழுப்பை வைத்து முடிவு சொல்லாதீர்கள், மின்னூட்டமே இல்லாத விரலும் டேப்பை இழுக்கும்.

உப்புக்காற்று

மெழுகு மூடி வேலை செய்கிறது, இதழ் 50 நொடி நிற்கிறது. நன்றி சார். நேர்மின்னூட்டம் காட்டக் கண்ணாடித் தண்டும் பட்டும் எடுத்தேன், அசைவே இல்லை.

பதில் – கம்பளிப்பூச்சி

இந்த ஈரப்பதத்தில் கண்ணாடிமேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும், கை வழியே எல்லாம் இறங்கிவிடும். தூண்டல் முறைக்கு (குழாயால் தொடாமலே மின்னூட்டம் ஏற்றுவது) போங்கள். தேய்த்த பிவிசியை உருண்டைக்கு 3 செ.மீ. பக்கத்தில் பிடித்துக்கொண்டு, உருண்டையை விரலால் தொடுங்கள், இதழ் விழும். முதலில் விரலை எடுங்கள், அப்புறம் குழாயை. இதழ் நேர்மின்னூட்டத்தோடு விரிந்து நிற்கும். குழாயை முதலில் எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது, வகுப்பில் பாதிப் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். சரிபார்க்க, பிவிசியை மறுபடி தூரத்திலிருந்து மெல்லக் கொண்டுவாருங்கள்: இதழ் குவிந்தால் நேர்மின்னூட்டம். ரொம்பக் கிட்டே போனால் திரும்பவும் விரியும், அதற்கு முன்னே நிறுத்திவிடுங்கள்.

மெழுகு உருக்கிய மெழுகுவத்தி மேசையில் எரிந்துகொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். சுடரில் அயனிகள் உண்டு, ஒரு சாண் தூரத்திலிருந்தே இதழைக் கீழே இறக்கிவிடும்.