புதுப்பிப்பு: அண்ணனின் ஹோமோசிஸ்டீன் 22

சிறுநீரகம் மாற்றி 4 வருடம் ஆன அண்ணனுக்கு ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் 22 வந்திருக்கிறது, மாரடைப்பு வருமா, வைட்டமின் போட்டுக் குறைக்கலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். நேற்று அம்பாசமுத்திரத்திலிருந்து முதல் பஸ் பிடித்துப் பாளையங்கோட்டை போய்க் காட்டிவிட்டு வந்தோம்.

டாக்டர் அந்த வரியைத் தாண்டிப் போய், கெட்ட கொழுப்பான எல்டிஎல் 148-ஐப் பேனாவால் வட்டம் போட்டார். மாற்றுச் சிறுநீரகம் உள்ள 4,110 பேரை வைத்து ஃபோலிக் அமிலம், பி6, பி12 அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஃபேவரிட் ஆய்வில் (2011) ஹோமோசிஸ்டீன் இறங்கியது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் எதுவும் குறையவில்லையாம். ஒரு மாதமாக அந்த 22-ஐயே பார்த்துப் பயந்து கிடந்திருக்கிறோம்.

சரி, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை தொடங்கியாச்சு. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கச் சைக்ளோஸ்போரின் சாப்பிடுகிறவர்கள் முக்கியமாக டாக்டரைக் கேட்காமல் ஸ்டேட்டினைத் தொடாதீர்கள். ரத்தத்தில் ஸ்டேட்டின் அளவு கூடித் தசையைப் பாதிக்கும்.

திரும்பி வரும்போது அண்ணன் ஃபைலை மடியில் வைத்தபடி சேரன்மகாதேவி வரும் முன்னே தூங்கிவிட்டான்.