மோடமும் லேன் கார்டும் ஒரே கம்ப்யூட்டரில்: நீங்கள் பட்ட பாடு என்ன?

2001-ல் மதுரைக்கு வெளியே ஒரு நூல் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை எனக்கு. ஆபீஸில் ஐந்து மெஷின், எல்லாமே விண்டோஸ் 98. முகவரிகள் 192.168.1 வரிசையில் இருக்கும். குடோன் காம்பவுண்டின் அந்தக் கோடியில். அங்கே மூன்று மெஷின், 192.168.2 வரிசை. நடுவில் ஒரு பழைய பென்டியத்தில் இரண்டு லேன் கார்டு (மெஷின்களைக் கேபிளால் இணைக்கிற கார்டு) செருகி, லினக்ஸ் போட்டு, இரண்டு பக்கத்தையும் இணைத்திருந்தோம். ஆபீஸ் பக்கம் அதன் முகவரி 192.168.1.1. ஆபீஸ் மெஷின்களுக்கு அதுதான் கேட்வே, அதாவது வெளியே போகிற வாசல். ஸ்டாக் புரோகிராம் குடோன் மெஷினில் ஓடியது.

போன் லைன் வழியாக இன்டர்நெட் பிடிக்கிற மோடம் இருந்தது கணக்குப்பிள்ளை அண்ணன் மெஷினில் மட்டும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை டயல் பண்ணி மெயில் எடுப்பார். அந்த நேரம் பார்த்து அவருக்கு மட்டும் ஸ்டாக் புரோகிராம் அப்படியே நின்றுவிடும். லைனைக் கட் பண்ணினால் ஓடும். "போன் லைன்லதான் கோளாறு தம்பி, எழுதிக் கொடு" என்பார் அண்ணன். நான் கேபிளை மாற்றினேன், கார்டை மாற்றினேன், விண்டோஸைக்கூட மறுபடி போட்டேன். பத்து நாள் போனது.

ஒருநாள் மெயில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மேஜை பிரிண்டருக்கு ஒரு பில் அனுப்பினார். பிரிண்ட் வந்துவிட்டது! லேன் செத்திருந்தால் இது எப்படி வரும்? உடனே டாஸ் விண்டோவைத் திறந்து 'ரூட் பிரிண்ட்' அடித்தேன், எந்த முகவரிக்கு எந்த வழி என்று அது காட்டும். 0.0.0.0 என்ற வரி இரண்டு இருந்தது. தனி வழி சொல்லப்படாத முகவரிகளுக்கெல்லாம் பொது வழி அதுதான், டிஃபால்ட் ரூட் என்பார்கள். ஒன்று 192.168.1.1-ஐக் காட்டியது, மெட்ரிக் 2. இன்னொன்று டயல்-அப் பக்கம், மெட்ரிக் 1. எண் சிறியதாக இருக்கும் வழிதான் ஜெயிக்கும். போன் கனெக்ட் ஆனதும் விண்டோஸ் தானாகவே டயல்-அப்பை முதல் வழியாக்கிவிட்டு, லேனின் வழியைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. குடோனுக்குப் போக வேண்டிய பாக்கெட்டெல்லாம் போன் வழியாக இன்டர்நெட் பக்கம் போய்விட்டது. 192.168-ல் தொடங்கும் முகவரியை இன்டர்நெட்டில் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். பிரிண்டர் அதே 192.168.1 வரிசை என்பதால் அதற்கு கேட்வே தேவைப்படவில்லை.

அண்ணனுக்குப் புரிய வைத்தது நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுகள்தான். தேனி, கோவை போக வேண்டும் என்றால் ஆரப்பாளையம் போ என்று தனியாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் வெளியூர் ஆள் நேராக மாட்டுத்தாவணியில் போய் நிற்பார். குடோனுக்கு அந்த மாதிரி ஒரு தனி வழி சொல்லிக் கொடுக்கணும், அவ்வளவுதான்.

லேன் கார்டில் போட்டிருந்த கேட்வேயை எடுத்துவிட்டேன். அப்புறம் இந்த ஒரு வரி: 'ரூட் ஆட் 192.168.2.0 மாஸ்க் 255.255.255.0 192.168.1.1'. விண்டோஸ் 98 இதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாது, ரீஸ்டார்ட் பண்ணினால் போய்விடும். அதனால் ஒரு பேட்ச் ஃபைலில் எழுதி ஸ்டார்ட்-அப் ஃபோல்டரில் வைத்தேன். விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடுகிற ஆட்டோஎக்ஸிக் ஃபைலில் போட்டுப் பார்க்காதீர்கள், அது ஓடும்போது நெட்வொர்க்கே எழுந்திருக்காது.

ஒரு மெஷினுக்கு வெளிவாசல் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு மனதில் பதிந்தது. இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் எழுதுங்கள்.

*

சிம்மக்கல்லில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிடிபி சென்டரில் இருந்தேன். எங்கள் பிரச்சினை ரூட் வரைக்கும் போகவே இல்லை, இரும்பிலேயே, அதாவது ஹார்டுவேரிலேயே சண்டை. உள்ளே செருகுகிற மோடம் காம் 2 போர்ட்டில், அதற்கு ஐஆர்க்யூ 3 (ஒரு கார்டு கம்ப்யூட்டரைக் கூப்பிடுகிற எண், இரண்டுக்கு ஒரே எண் வந்தால் மோதிக்கொள்ளும்). லேன் கார்டு என்இ2000 வகை, அதுவும் வாங்கி வரும்போதே ஐஆர்க்யூ 3-ல்தான் உட்கார்ந்திருந்தது. டயல் டோன் கேட்கும், எண்கள் போகும், அந்தக் கீச்சுச் சத்தம் தொடங்கும். சரியாக அந்த இடத்தில் ஹப்பில் பச்சை விளக்கு எரிந்தபடியே இருக்க, நெட்வொர்க்கில் மற்ற மெஷின்கள் காணாமல் போகும். சில நேரம் மோடமே பதில் சொல்லாது.

முகூர்த்த மாதம் வேறு. டிசைன் ஒரு மெஷினில், லேசர் பிரிண்டர் இன்னொன்றில், புரூஃப் மெயிலில் போக வேண்டும். கார்டோடு வந்த பிளாப்பியைத் தேடி எடுத்து, டாஸில் பூட் பண்ணி, அதில் இருந்த செட்டப் புரோகிராமில் ஐஆர்க்யூவை 10-க்கு மாற்றிய பிறகுதான் இரண்டும் சமாதானமாயின. கார்டோடு வருகிற பிளாப்பியைத் தூக்கிப் போடக் கூடாது என்பதை அந்தக் கடையில் எல்லாருக்கும் சொல்லி வைத்தேன்.

*

திருமங்கலத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆறு மெஷின், ஒரே ஒரு 56கே மோடம். விண்டோஸ் 98 செகண்ட் எடிஷனில் இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங் வந்தது எங்களுக்குப் பெரிய வரம். மோடம் இருக்கிற மெஷின் 192.168.0.1 ஆகிவிடும், மற்றவற்றுக்கு முகவரியை அதுவே கொடுக்கும். அந்த மெஷினை முதலில் ஆன் பண்ணாமல் மற்றவற்றை ஆன் பண்ணினால் 169.254 என்று ஏதோ ஒரு முகவரியை எடுத்துக்கொண்டு நிற்கும். காலையில் கடை திறக்கிற பையனுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்தது அந்த வரிசைதான்.

மேலே எழுதியவர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் வலித்தது அதுதான். ஃபைல் ஷேரிங்கை லேனுக்காகப் போட்டிருந்தோம், சி டிரைவ் முழுவதும், பாஸ்வேர்டு இல்லாமல். அது டயல்-அப் அடாப்டரோடும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. 2002-ல் ஓபாசெர்வ் என்ற வார்ம் (தானாகவே பரவுகிற வைரஸ்) வந்தபோது, யாரும் எந்த மெயிலையும் திறக்காமலே, திறந்து கிடந்த ஷேர் வழியாக உள்ளே வந்து ஆறு மெஷினிலும் ஏறிவிட்டது. பசங்களின் புராஜெக்ட் ஃபைல்களை நம்பி வைத்திருந்த கடை அது. இரண்டு நாள் ஷட்டரை இறக்கிவிட்டு எல்லாவற்றையும் ஃபார்மட் செய்தேன். நெட்வொர்க் செட்டிங்ஸில் டயல்-அப் அடாப்டரின் டிசிபி/ஐபி, அதில் பைண்டிங்ஸ், அங்கே ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்குக்கு எதிரே இருந்த டிக்கை எடுக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் எனக்கு முன்னாடியே தெரியாமல் போனது.

*

உசிலம்பட்டியில் உரக்கடை. நான் டயல்-அப் பார்த்ததில்லை, ஆனால் முதல் அண்ணன் சொன்னது போன மாசம்தான் எனக்கு நடந்தது. பிராட்பேண்ட் போய்விட்டது, போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டேன். பில்லிங் சர்வர் லேனில் இருப்பதால் லேன் கேபிளைக் கழற்ற முடியாது. நெட் வரவே இல்லை. விண்டோஸ் 10-ல் 'ரூட் பிரிண்ட்' அடித்தால் அதே இரண்டு 0.0.0.0! செத்துப்போன பிராட்பேண்ட் ரவுட்டர் பக்கமே எல்லாம் போய்க்கொண்டிருந்தது. லேன் கார்டின் ஐபிவி4 அட்வான்ஸ்டு பக்கத்தில் ஆட்டோமேட்டிக் மெட்ரிக்கை எடுத்துவிட்டு 100 என்று போட்டேன், டெதரிங்குக்கு 10. நெட் போன் வழியாக வந்தது, பில்லும் நிற்காமல் ஓடியது. போனைக் கழற்றினால் தானாக லேன் பக்கம் போய்விடுகிறது.

*

முதலில் எழுதியவன்தான். உசிலம்பட்டித் தம்பி, இப்போதைய விண்டோஸில் ஒரு வசதி உண்டு. தனி வழி சேர்க்க வேண்டி வந்தால் 'ரூட்' என்பதற்கு அடுத்து ஹைஃபன் பி சேர்த்து அடித்தால் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் இருக்கும், பேட்ச் ஃபைல் வேண்டாம். அட்மினிஸ்ட்ரேட்டராக கமாண்ட் பிராம்ப்டைத் திறக்க மறக்காதீர்கள்.

லினக்ஸில் டயல்-அப் வைத்திருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அங்கே விஷயம் தலைகீழ். டயல்-அப் இணைப்பைப் பார்த்துக்கொள்கிற பிபிபிடி புரோகிராம் ஏற்கெனவே இருக்கிற டிஃபால்ட் ரூட்டைத் தொடாது, "நாட் ரீப்ளேசிங்" என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடும். லைன் கனெக்ட் ஆகி, போன் பில்லும் ஏறிக்கொண்டிருக்கும், ஒரு வெப் பக்கமும் திறக்காது. லேனின் கேட்வேயை எடுத்துவிட்டு டயல் பண்ணினால் அங்கேயும் சரியாகிவிடும்.