மறு: டெம்போவுக்கும் சுருதிக்கும் ஏற்ப மாறும் லூப், தமிழில் என்ன?

வணக்கம். லூப் என்றால் பாட்டில் திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டு; நாம் பெயர் தேடுவது, பாட்டின் டெம்போவுக்கும் (வேகத்துக்கும்) சுருதிக்கும் ஏற்பத் தானே மாறிக்கொள்ளும் வகைக்கு.

> 'தாளசுருதி மாற்று மடக்கு' என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பேன். நீளம் ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் தாளமே இடிக்கிறது. ஆதி தாளத்தை எவ்வளவு விரைவாகப் போட்டாலும் அது ஆதி தாளம்தான். இங்கே மாறுவது காலப்பிரமாணம், அதாவது வேகம். அடுத்தது சுருதி. பாட்டை சி சுருதியிலிருந்து ஈ சுருதிக்கு ஏற்றினால் கிட்டார் லூப் கூடவே ஏற வேண்டும், ஆனால் டிரம் லூப் ஏறக்கூடாது, ஏறினால் கிக்கின் (காலால் அடிக்கும் பெரிய டிரம்மின்) கனம் போய்விடும். அதனால்தான் டிரம் லூப்பைத் தயாரிக்கும்போதே 'இதற்குச் சுருதி இல்லை' என்று குறித்துவிடுகிறார்கள். அதுவும் இதே வகை லூப்தானே? அப்படியிருக்க சுருதியைப் பெயருக்குள் வைப்பது சரியில்லை.

எல்லாவற்றுக்கும் பொதுவானது, கோப்பு தன் விவரத்தைத் தானே சுமந்து வருவதுதான்: மொத்தம் எத்தனை அடி, எந்தச் சுருதி, இன்னும் சில வகைகளில் ஒவ்வொரு தட்டும் எங்கே விழுகிறது என்பது வரை. 1998-இல் வந்த ஆசிட் என்ற இசை மென்பொருள் இவற்றை வேவ் ஒலிக்கோப்புக்குள்ளேயே எழுதி வைத்தது. ஆப்பிளின் இசை மென்பொருளான கராஜ்பேண்ட் பழகியவர்களுக்கு, இதே போல விவரம் சுமக்கும் ஆப்பிள் லூப்ஸ் தெரிந்திருக்கும். விவரம் இல்லாத வெறும் ஒலித்துண்டு என்ன ஆகும் என்று பாருங்கள். 120 டெம்போவில் (நிமிடத்துக்கு 120 அடி) நாலு நாலு அடியாக 4 பார் என்றால் 8 விநாடி. அதை 90-க்குக் கொண்டுவர டேப்பை மெதுவாக ஓட்டுவது போல ஓட்டினால் ஏறக்குறைய 10.7 விநாடிக்கு நீளும், கூடவே சுருதியும் ஐந்து சுரத்தானம் இறங்கித் தொலையும். நாம் பேசும் லூப்பில் நீளம் வேறு, சுருதி வேறு என்று மென்பொருள் தனித்தனியாகக் கையாள்கிறது. (ரொம்ப இழுத்தால் தட்டுகள் மழுங்கும், அது வேறு கதை.)

லூப்புக்கு 'மடக்கு' என்பதில் எனக்கு மறுப்பில்லை. நிரலாளர்கள் 'கண்ணி' என்றும் எழுதுகிறார்கள், ஆனால் பாட்டு உலகத்தில் கண்ணி என்றால் தாயுமானவரின் பராபரக்கண்ணிதான் நினைவுக்கு வரும். 'வட்டணை' அழகான சொல், ஆனால் அது ஒரு தாளச் சுற்றைக் குறிப்பது, லூப்போ எட்டுச் சுற்றும் நீளலாம். மடக்கு என்றால் அணியிலக்கணத்திலேயே வந்தது திரும்ப வருவதுதான்.

முன்னொட்டுக்கு முதலில் 'இசைவு' தோன்றியது, இசையும் உள்ளே ஒளிந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் இசைவு என்றால் அனுமதி என்றும் ஆகிறது; லூப் விற்கிற இடத்தில் உரிமம், அனுமதி என்ற பேச்சு ஓயாமல் வரும், 'இசைவு மடக்கு' என்றால் அனுமதி வாங்கிய லூப் என்று படித்துவிடுவார்கள்.

ஆகவே என் பரிந்துரை: இயைமடக்கு. வினைத்தொகை, அதனால் ஒற்று மிகாது, 'இயைம்மடக்கு' என்று யாரும் திருத்த வேண்டாம். பாட்டின் டெம்போவை நடுவில் மாற்றினாலும் இயையும், நாளைக்கு வேறு பாட்டில் போட்டாலும் இயையும். வினைச்சொல்லும் கையோடு கிடைக்கிறது: லூப் தானாகப் பொருந்துவது இயைதல், வெறும் ஒலித்துண்டுக்கு நாம் அடிக்குறி போட்டுப் பொருந்த வைப்பது இயைத்தல். மெனுவில் 'இயைமடக்காகச் சேமி' என்று போட்டால் பொத்தானுக்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன்.

'ஒன் ஷாட்' (ஒரே முறை ஒலித்து முடியும் துண்டு) மட்டும் பாக்கி. அது சுழலாது, டெம்போவுக்கும் அசையாது, மடக்கு என்று சொல்லவே முடியாது. 'ஒற்றையொலி' போதுமா?