பேராயர் வருகிறார் என்றதும் சம்பந்தி வீடு பதறிய கதை

பாளைக்காரன்:
தங்கச்சி கல்யாணத்தில் நடந்த கூத்து இது. நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), மாப்பிள்ளை வீடு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). பத்திரிகையில் "பேராயர் அவர்கள் ஆசியுரை" என்று போட்டிருந்தோம். மதுரையிலிருந்து ஆர்ச்பிஷப்பே வருகிறாராம் என்று சம்பந்தி வீட்டார் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டார்கள். ஆர்.சி.யில் பிஷப் என்றால் ஆயர், ஆர்ச்பிஷப்தான் பேராயர். எங்களுக்கோ பிஷப்பே பேராயர். இந்த இரண்டையும் ஒத்துக்கொள்ளாதவள் எங்கள் ஆச்சி. கடைசிவரை அவளுக்கு 'அத்தியட்சர்'தான். உங்கள் பக்கம் எப்படி?

குமரிக்காரி:
எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மேற்றிராணியார். சின்ன வயதில் அந்தப் பெயருக்குள் ஒரு ராணி இருப்பதாகவே நம்பினேன். தலையில் கிரீடம் மாதிரி ஒன்று, விரலில் மோதிரம், சந்தேகம் எப்படி வரும்? பிறகு நர்ஸ் வேலைக்குக் குவைத் போனேன். கூட வேலை பார்த்த லெபனான்காரி தங்கள் ஊர் பிஷப்பை 'முத்ரான்' என்றாள். பக்கத்தில் இருந்த கோட்டயத்துச் சேச்சி, "அய்யோ, ஞங்ஙளுடெ மெத்ரான்!" என்று துள்ளிவிட்டாள். வேர் ஒன்றுதான். கிரேக்கத்தில் மெட்ரோபோலிஸ் என்றால் தாய்நகரம். அந்த நகரத்து பிஷப் மெட்ரோபொலிட்டன். சிரியாக் மொழி அதைச் சுருக்கிக்கொண்டது, அங்கிருந்து கேரளம், பிறகு நம் ராணி. மெட்ரோ ரயிலின் பெயரும் அதே தாய்நகரத்தில் பிறந்ததுதான். சென்னையில் அதில் ஏறும்போதெல்லாம் எனக்குத் தனியாகச் சிரிப்பு வரும்.

புதுவைவாசி:
தாத்தா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். அவர் வாயில் 'எவெக்'. இதுவும் பிஷப்பும் ஒரே சொல் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. எழுதிப் பார்த்தால் ஓர் எழுத்துகூடப் பொருந்தாது. ஸ்பானிஷின் ஒபிஸ்போ, இத்தாலியின் வெஸ்கோவோ, ஜெர்மனின் பிஷொஃப் என்று வரிசையாகப் பார்த்த பிறகுதான் உறைத்தது. எல்லாம் எபிஸ்கோபோஸ் என்ற கிரேக்கச் சொல்லின் பேரன் பேத்திகள்.

ஹட்டன்காரன்:
நான் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். பன்னிரண்டு வயதில் கோயிலில் பாடம் வாசிக்கச் சொன்னார்கள். பைபிளில் பிலிப்பியர் முதல் அதிகாரம், முதல் வசனம்: "கண்காணிகளுக்கும், உதவிக்காரருக்கும்". என் வாயில் அது 'கங்காணிகளுக்கும்' என்றே வந்தது. பின்வரிசையில் கிழவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். சிரிக்க மாட்டார்களா? கங்காணி என்றால் ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்தவன், கடன் கொடுத்து அமுக்கியவன், கொழுந்து நிறுக்கும் இடத்தில் அதட்டுபவன். ஆராதனை முடிந்து போதகர் என்னைக் கூப்பிட்டார். அடி விழும் என்று நினைத்தேன். "நீ பிழையா வாசிக்கல்ல தம்பி. எபி என்றால் மேல், ஸ்கோபோஸ் என்றால் பார்க்கிறவன். டெலஸ்கோப்புல இருக்கிறதும் அந்த ஸ்கோப்தான். பிஷப்பும் கங்காணியும் ஒரே வேலைக்கு வச்ச பேர்" என்றார். வீட்டில் சொன்னேன். "அப்ப பிஷப்புக்கும் நாம கடனா?" என்று கேட்டார் அப்பா.

பாளைக்காரன்:
ஹட்டன் அண்ணாச்சி எழுதியதைப் படித்துவிட்டு அகராதியைப் புரட்டினேன். அத்தியட்சர் வடமொழிச் சொல். அதி என்றால் மேல், அட்சம் என்றால் கண். ஆயர் என்றால் மேய்ப்பர், அது வேறு உருவகம். பேராயரும் அதன் மேல் கட்டியதுதான். கிரேக்கத்துக்கு நேராக நிற்பது தோட்டத்துக் கங்காணியும் எங்கள் ஆச்சியின் அத்தியட்சரும்தான். அவள் இருந்திருந்தால் இந்நேரம் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டிருப்பாள்.